இருபது டிகிரியும் ரத்னம்மாவின் விரல்களும்

மார்ச் 5, வியாழக்கிழமை, காலை 7.52. அளவீட்டு அறையில் இருக்க வேண்டியவர்கள் ஐந்து பேர். இருந்தவர்கள் நான்கு பேர். சுவரில் தெர்மோஸ்டாட் 20.0 காட்டியது. உத்தனப்பள்ளி வழியாக வரும் கம்பெனி பஸ் வந்து நின்று பத்து நிமிடமாகியும் ரத்னம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. அந்த அறைக்கு வந்த ஒன்பது வருடத்தில் அவர் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. அப்போது நாகராஜின் கைப்பேசி அடித்தது. கன்னடத்தில் இரண்டு வார்த்தை, தெலுங்கில் நான்கு வார்த்தை பேசினார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், ரத்னாக்கா காலையில செத்துட்டாங்களாம்."

நான் கேட்ட முதல் கேள்வி, "அப்ப இன்னைக்கு லாட்டை யார் அளக்கறது?" என்பது. இந்தக் கேள்வியை நாகராஜ் வெளியே போய்ச் சொல்லிவிட்டார், உங்களில் பலருக்கும் தெரியும். அதனால் நானே முதலில் எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸுக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தவர் தலைவலி என்று உட்கார்ந்திருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. ஓசூர் மருத்துவமனைக்கு வந்து சேரும்போதே உயிர் இல்லை. வயது நாற்பத்தொன்பது. நம் அறையின் குளிர்தான் காரணம் என்று கேன்டீனில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் மருத்துவரிடமே கேட்டேன். சம்பந்தமில்லை என்றார். குளிர் அவருக்குச் செய்தது வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி செய்தி மடலுக்கு அஞ்சலி எழுத என்னைக் கேட்டபோது, ஆள் மாற்றிக் கேட்கிறீர்கள் என்றேன். "அந்தம்மா கூட அதிகம் சண்ட போட்டது நீதானேப்பா, உனக்குத்தான் நெறைய தெரியும்" என்றார்கள். தர்க்கம் சரியாக இருந்தது.

அந்த அறையை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர்களுக்காக ஒரு விளக்கம். பிரஸ் ஷாப்பில், மெஷின் ஷாப்பில் உருவாகும் பாகங்களை மைக்ரான் கணக்கில் அளப்பது அங்கேதான். உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். எந்த வெப்பநிலையில் அளந்தோம் என்று சொல்லாத அளவுக்கு அர்த்தம் இல்லை. அதனால் உலகம் முழுக்க இருபது டிகிரி என்று வைத்திருக்கிறார்கள். நம் அறைக்கு ஒரு டிகிரி கூட, ஒரு டிகிரி குறைய அனுமதி. ஐந்து பேரும் அந்த ஒரே காற்றில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். நாகராஜுக்கு எப்போதும் புழுக்கம். ரத்னம்மாவுக்குக் குளிர். அவருடைய கிரானைட் மேசை ஏசிக் காற்று இறங்கும் வாய்க்கு நேர் கீழே இருந்தது. அதை நகர்த்த கிரேன் வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், தெர்மோஸ்டாட்டை ஒரே நாளில் ஏழு முறை யாரோ மாற்றியிருந்தார்கள். பதினெட்டு, இருபத்துமூன்று, பதினெட்டு, இருபத்துமூன்று. யார் என்று கேட்டேன். "தெரியாது சார்" என்றார் நாகராஜ், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி. "எனக்கும் தெரியாது சார்" என்றார் ரத்னம்மா, சால்வைக்குள்ளிருந்து. நான் விருதுநகர்க்காரன். ஏசிக் குளிர் என்பது எங்கள் ஊரில் காசு கொடுத்து வாங்குகிற சுகம். அது பிடிக்காமல் ஒருவர் இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிது. மறுநாள் தெர்மோஸ்டாட்டின் மேல் ஒரு அக்ரிலிக் பெட்டி பொருத்தினேன். அடியில் மட்டும் காற்றுத் துளைகள், முன்னால் பூட்டு. சாவியை அடையாள அட்டையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பும் ஒட்டினேன்: அறைக்குள் உணவு, டீ, தண்ணீர் எதுவும் கூடாது.

ரத்னம்மா வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சாமிக்குக் கண்ணாடிப் பொட்டி செஞ்ச மாதிரி இருக்குது சார். கீழ ஒரு உண்டியலும் வெச்சிட்டீங்கன்னா கம்பெனிக்கு வருமானம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வருட ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தவர் அந்தப் பெட்டிக்கும் வைத்தார். ஒரு முழம் செவ்வந்தியும் சாத்தினார். "இனிமே இந்தாளு என்னப் பாத்துக்க மாட்டாரு, நீயாச்சும் பாத்துக்கப்பா" என்று பெட்டியிடம் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார். அக்ரிலிக்கில் குங்குமக் கறை போகாது. இன்றும் இருக்கிறது.

அவர் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர் அதிகமானால் சிலருக்கு விரல் நுனிகளில் ரத்த ஓட்டம் நின்று, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். பிறகு வலிக்கும். அவருக்கு அது இருந்தது. "சார், வெரலு செத்துப் போவுது பாருங்க" என்று ஒருமுறை நீட்டிக் காட்டினார். நான் பருத்திக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். "இதப் போட்டுக்கிட்டு கேஜப் புடிச்சா, எருமை மேல ஈ ஒக்காந்த கணக்கா ஒண்ணும் தெரியாது சார்" என்று திருப்பிக் கொடுத்தார். அதுவும் உண்மைதான். துளையின் அளவைப் பார்க்கும் கருவியை ஆட்டி ஆட்டிப் பிடிக்க வேண்டும். அதற்கு விரல் நுனி வேண்டும்.

அடுத்து காலண்டர் அட்டை. தேதி கிழிக்கும் காலண்டர் தீர்ந்ததும் மிஞ்சுகிற கெட்டி அட்டையை எடுத்துவந்து, ஏசி வாயில் செருகி, காற்றைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். காற்றோட்டம் மாறினால் வெப்பநிலை சீராக இருக்காது என்று நான் எடுத்தேன். மறுநாள் இன்னொரு அட்டை. எடுத்தேன். இன்னொன்று. நான்காவது அட்டையில் மார்க்கரால் எழுதியிருந்தது: எடுக்காதீங்க சார். அதையும் எடுத்தேன். விதிமீறலுக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று மேசை டிராயரில் போட்டுவைத்தேன்.

அவர் புகாரில் எனக்குப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. காலையில் எட்டு மணிக்கு அவர் குளிர் என்று சொல்லவே மாட்டார். பத்தரை, பதினொன்றுக்கு மேல்தான் ஆரம்பிப்பார். பெட்டிக்குள் எண் காலையிலிருந்து மாலைவரை 20.0 என்றே நிற்கும். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "காலையில குளிரல, பத்து மணிக்கு மேல குளிருதுன்னா அது ஏசி இல்லக்கா, மனசு."

"மனசு குளுந்தா சந்தோசமால்ல இருக்கணும்?" என்றார். நாகராஜ் விழுந்து விழுந்து சிரித்தார்.

பத்து மணி என்ற அந்தத் தகவலை நான் அன்றே துரத்தியிருக்க வேண்டும். ஒரு இன்ஜினியர் செய்ய வேண்டியது அதுதான். நான் பதிலடி கொடுப்பதில் கவனமாக இருந்தேன்.

இவ்வளவு கஷ்டம் என்றால் வெளியே போய்விட வேண்டியதுதானே என்று போன வருடம் நேரடியாகவே கேட்டேன். அசெம்பிளி லைனில் பார்வைச் சோதனைக்கு ஆள் தேவைப்பட்டது. அங்கே ஏசி கிடையாது. அவர் அளந்துகொண்டிருந்த பாகத்தைக் கீழே வைத்தார்.

"நான் பிரஸ் ஷாப்புல பதினாறு வருசம் ஷீட்டு தூக்கினவ. இந்த நாற்காலிக்கு மூணு தடவ பரீச்ச எழுதினேன். மொத ரெண்டு தடவ பெயிலு. எனக்கு முன்னாடி இதுல பொம்பள யாரும் ஒக்காந்ததில்ல. நான் குளுருதுன்னு எந்திரிச்சேன்னு வெய்யுங்க, பொம்பளைங்களுக்கு அந்த ரூம்பு ஒத்து வராதுன்னு ஒரேயடியா எழுதிருவாங்க. அப்புறம் எவளுக்கும் குடுக்க மாட்டாங்க. அதனால குளுரட்டும்."

"சரி, அப்ப குளிருதுன்னு சொல்லாதீங்க" என்றேன்.

"சொல்லுவேன். எந்திரிக்க மாட்டேன்" என்றார்.

இனி ஜனவரி மாத லாட். அலுமினிய ஹவுசிங் என்கிற கூடுகள், ஒரே தொகுதியாக நாற்பது பீஸ், அவசரம். வாடிக்கையாளரின் வண்டி வாசலில் நின்றது. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ரத்னம்மா கருவியைக் கையில் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், இப்ப அளக்க வேணாம். ரூம்பு சரியில்ல. பதினேழுதான் இருக்கும்."

பெட்டியைக் காட்டினேன். 20.0.

"டப்பா என்ன வேணா சொல்லட்டும். என் வெரலு பதினெட்டுக்குக் கீழ போனாத்தான் வெளுக்கும். இப்ப பாருங்க."

நான் சொன்னது இது: "உங்க விரலுக்கு கேலிப்ரேஷன் சர்டிபிகேட் இருக்காக்கா?" அளக்கும் கருவி எதுவானாலும் அதைச் சரிபார்த்த சான்றிதழ் இல்லாவிட்டால் எங்கள் தொழிலில் அது செல்லாது. அறையில் எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை நானும் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. வழக்கமாக என்னை சார் என்பார். கோபம் வந்தால் தம்பி என்பார்.

"இருக்குது தம்பி. நாப்பத்தொம்போது வருசமா அதே வெரலு. ஒங்க டப்பா வந்து மூணு வருசந்தான் ஆவுது."

"அளங்க" என்றேன்.

அளந்தார். நாற்பதில் பதினொன்று சிறியது என்று வந்தது. பதிவேட்டில் அளவுகளை எழுதி, குறிப்பு என்ற கட்டத்தில், அழகான சிறிய எழுத்தில், 'அறை குளிர் அதிகம். விரல் வெள்ளை' என்று எழுதினார். இது கருத்து, அளவீடு ஆகாது என்று சொல்லி நான் அதைக் கோடு போட்டு அடித்தேன். எங்கள் தொழிலில் பதிவை அழிக்கக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது. கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒற்றைக் கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் வைக்க வேண்டும். அடித்தது என்ன என்று பிறகு வருகிறவன் படிக்க முடிய வேண்டும். அப்படியே செய்தேன்.

லாட் நின்றது. வண்டி வெறுமையாகத் திரும்பியது. வாடிக்கையாளரின் லைன் இரண்டு ஷிப்டு நின்றது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே பதினொரு பீஸையும் நானே, அதே கருவியால், அதே மேசையில் அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வெளி ஆய்வகமும் சரி என்றது. பாகம் அதே, கருவி அதே, அறை அதே 20.0. மாறியது அளந்த ஆள் மட்டும். அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'அளவிட்டவர் தவறு' என்று எழுதினேன். எனக்கு அப்போது துளி சந்தேகம் இல்லை.

அறிக்கையின் பேரில் அவருக்கு இடமாற்றல் வந்தது. மார்ச் 9 முதல் அசெம்பிளி லைன். மார்ச் 4 மாலை அந்தத் தாளை நான்தான் அவரிடம் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணு கேக்கறேன் சார். என் எடத்துல பொம்பளய ஒக்கார வெப்பீங்களா?"

"குளிர் தாங்குறவங்களா பார்த்து வைப்போம்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார். எங்களுக்குள் கடைசிப் பேச்சு அது.

மறுநாள், அவர் இறந்த அன்று, பதினோரு மணிக்கு உத்தனப்பள்ளி போனோம். மகள் பவித்ரா மங்களூரில் நர்சிங் படிக்கிறாள். அவள் வந்து சேர மாலையாகும் என்பதால் உடலைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். மேலே கண்ணாடி. பக்கவாட்டில் சிவப்பு எண்கள் எரிகிற ஒரு சின்ன தெர்மோஸ்டாட். நான் முகத்தைப் பார்க்கும் முன் எண்ணைப் பார்த்தேன். தொழில் பழக்கம். அவர் கணவர் தக்காளித் தோட்டத்திலிருந்து வந்த அதே சட்டையோடு பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்டி வாடகைக்குக் கொண்டுவந்த ஆளிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கொறச்சு வெய்யிப்பா. அவளுக்குக் குளுரு ஆவாது."

"அதெல்லாம் தொடக் கூடாதுங்க. பொண்ணு வர வரைக்கும் தாங்கணும்ல."

"வெரலப் பாரு, எப்பிடி வெளுத்துக் கெடக்குதுன்னு."

"யோவ், செத்தவங்களுக்கு..." என்று ஆரம்பித்த ஒரு உறவினரை நாகராஜ் கையைப் பிடித்து நிறுத்தினார். "பேடா, விடுங்க. நம்ம சார் ஏசி தெரிஞ்சவரு. அவரக் கேப்போம்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியின் மூடி ரப்பரைப் பார்த்தேன், வெளி வெயிலைப் பார்த்தேன், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு டிகிரி ஏற்றினால் ஒன்றும் ஆகாது என்றேன். பெட்டிக்காரர் விலகிக்கொண்டார். நானே பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். மூன்று வருடத்தில் ரத்னம்மாவுக்காக நான் ஏற்றியது அந்த இரண்டு டிகிரிதான்.

சனிக்கிழமை வேலைக்கு வந்தபோது நாகராஜ் காலர் பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், ரூம்பு ஜாஸ்தி சூடாயிடுச்சு. ரத்னாக்கா போன அன்னிக்கிருந்து. நீங்க நம்ப மாட்டீங்க."

நான் நம்பவில்லை. ஆனால் ஏசியின் பதிவை எடுத்துப் பார்த்தேன். அது பொய் சொல்லாது. கம்ப்ரஸர் ஓடிய நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெட்டிக்குள் எண் மட்டும் வழக்கம்போல் 20.0. ஒரு அறையிலிருந்து ஒரு ஆள் குறைந்தால் உடல் சூடு குறையும், அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு வித்தியாசம் வராது. இரண்டு நாள் இது எனக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எரிச்சலாக இருந்தது.

பத்தாம் தேதி பவித்ரா அம்மாவின் பொருட்களை வாங்க வந்தாள். லாக்கரில் சால்வை, சீப்பு, ஒரு ஜோடி செருப்பு. "ஒரு தூக்கு இருக்கணுமே சார்? எவர்சில்வர் தூக்கு. வீட்ல தேடினோம், இல்ல" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். நாகராஜ் எழுந்து, கேஜ் வைக்கும் இரும்பு அலமாரியின் மேல் அடுக்கியிருந்த மரப்பெட்டிகளை நகர்த்தி, பின்னாலிருந்து அதை எடுத்தார். ஒரு லிட்டர் பிடிக்கும். மூடி இல்லை.

அலமாரியின் மேல் பெயின்ட்டில் வட்ட வட்டமாகத் தண்ணீர்க் கறை. ஒன்றன்மேல் ஒன்றாக, பல நூறு வட்டங்கள். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு சாண் உயரத்தில் என் அக்ரிலிக் பெட்டி. அடியில் துளைகள்.

"இது என்ன?" என்று நாகராஜைக் கேட்டேன்.

"சுடுதண்ணி சார். பத்து மணி டீ டைம்ல கேன்டீன்ல புடிச்சிட்டு வருவாங்க. அப்புறம் ஒரு மணிக்கு, மூணு மணிக்கு. அதுல கைய ஒட்டி வெச்சு சூடு பண்ணிட்டு அளப்பாங்க. நீங்க தண்ணி கூடாதுன்னு போர்டு போட்டீங்கல்ல. அதான் மறைச்சு வெச்சோம். உங்க டப்பாக்குக் கீழ நீங்க குனிஞ்சு பாக்க மாட்டீங்கன்னு."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"உங்களத் தவிர எல்லாருக்கும்."

பவித்ரா தூக்கைக் கேட்டாள். இரண்டு நாள் இங்கே இருக்கட்டும், ஒரு சோதனை செய்ய வேண்டும் என்றேன். அவள் என்ன சோதனை என்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அம்மா தப்பா அளந்துட்டாங்கன்னுதான் ரூம்ப விட்டு எடுத்தாங்களாமே? அன்னிக்கு ராத்திரி போன்ல சொன்னாங்க. 'நான் தப்பா அளக்கலடி'ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டாங்க. நெசமா சார்? தப்பா அளந்தாங்களா?"

சோதனை முடியாமல் நான் எதையும் சொல்வதில்லை. "ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேன்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் நான் தட்டிக்கழிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டது தெரிந்தது.

பதினொன்றாம் தேதி, தூக்கு இல்லாமல். பெட்டிக்குள் 20.0. ரத்னம்மாவின் மேசையில் நான் வைத்த தனி வெப்பமானியில் நாள் முழுக்க 20.1. பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு நானே கேன்டீனுக்குப் போய் அவர் தூக்கில் சுடுதண்ணீர் பிடித்துவந்தேன். வழியில் எல்லோரும் பார்த்தார்கள். அலமாரியின் மேல், அந்த வட்டக் கறைகளின் மேலேயே வைத்தேன். மரப்பெட்டிகளை முன்னால் அடுக்கினேன். பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நடந்தது எளிமையானது. தண்ணீரின் சூடு மேலே எழுந்து பெட்டியின் அடித் துளைகள் வழியாக உள்ளே போனது. மேலே துளை இல்லாததால் அங்கேயே தங்கியது. தெர்மோஸ்டாட் அறை சூடாகிவிட்டது என்று நினைத்து ஏசியை விடாமல் ஓட்டியது, பெட்டிக்குள் இருபது வரும்வரை. பத்து ஐம்பதுக்கு அவர் மேசையில் 17.4. பன்னிரண்டு மணிக்கு 16.9. பெட்டியில் அப்போதும் 20.0. குளிரக் குளிர அவர் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். சுடுதண்ணீர் கொண்டுவரக் கொண்டுவர அறை குளிர்ந்தது. காலையில் தூக்கு காலி, அதனால் அறை சரி. நான் மறுநாள் எட்டு மணிக்கு அளந்தபோது எல்லாம் சரியாக இருந்ததும் அதனால்தான்.

அறிக்கைக்காக எடுத்துவைத்திருந்த அந்தப் பதினொரு பீஸையும் பன்னிரண்டு மணிக்கு அதே மேசையில் அளந்தேன். பதினொன்றும் சிறியது என்று வந்தது. ஜனவரியில் அவர் எழுதிய எண்களுக்கும் என் எண்களுக்கும் ஒரு மைக்ரானுக்கு மேல் எதிலும் வித்தியாசம் இல்லை. என் விரல் வெளுக்கவில்லை. ஆனால் மரத்துப்போனது. அந்த விரலோடு ஒரு மைக்ரானுக்குள் அளப்பது எவ்வளவு கடினம் என்று எனக்கு இப்போது தெரியும். அவர் மூன்று வருடம் அளந்திருக்கிறார்.

அவருடைய தூக்குதானே எல்லாவற்றுக்கும் காரணம் என்று உங்களில் யாராவது கேட்கலாம். தூக்கை மறைக்க வைத்தது என் அறிவிப்பு. சூட்டைப் பிடித்துவைத்தது என் பெட்டி. இருபது டிகிரியைச் சுவரில் மூன்று வருடம் காத்த நான், அவர் உட்கார்ந்த இடத்தில் எத்தனை டிகிரி என்று ஒருநாளும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. "மிசினுக்கு இருபதுன்னு பலகையில எழுதி வெச்சிருக்கீங்க. மனுசிக்கு எவ்ளோன்னு எங்கயாச்சும் எழுதியிருக்குதா?" என்று அவர் ஒருமுறை கேட்டதை வாயாடித்தனம் என்று நினைத்தேன். அது சரியான தொழில்நுட்பக் கேள்வி.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு காலண்டர் அட்டை. விதிமீறலுக்குச் சாட்சியாக வைத்தது. யாருடைய விதிமீறல் என்பது மாறிவிட்டது, அட்டை அதேதான். இதுவரை எழுதியதை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன். இனி நான் செய்யப்போவது:

1. அக்ரிலிக் பெட்டியைக் கழற்றுவது. தெர்மோஸ்டாட்டின் உணரியை ரத்னம்மாவின் மேசை உயரத்துக்கு, அவர் மேசைக்கே மாற்றுவது. குங்குமக் கறையோடு பெட்டியை என் மேசையில் வைப்பது.

2. ஏசி வாய்க்குத் தகட்டில் காற்றுத் திருப்பி செய்யச் சொல்லியாயிற்று. வர ஒரு வாரமாகும். அதுவரை 'எடுக்காதீங்க சார்' அட்டையை நானே செருகிவைப்பது. எடுக்காமல் இருப்பது.

3. கதவுக்கு வெளியே சுடுதண்ணீருக்கு ஒரு தட்டு. மணிக்குப் பத்து நிமிடம் வெளியே போய்க் கை சூடேற்ற அனுமதி. எழுத்தில்.

4. காலியான நாற்காலிக்குப் பரீட்சை வைக்கும்போது பிரஸ் ஷாப் பெண்களுக்கும் விண்ணப்பம் போவதை உறுதி செய்வது. குளிர் தாங்குவாரா என்ற கேள்வியை நீக்குவது.

5. ஜனவரி அறிக்கையில் 'அளவிட்டவர் தவறு' என்பதன் மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில்: 'உணரி இருந்த இடம் தவறு. பொறுப்பு நான்.' கையெழுத்து, தேதி.

6. பதிவேட்டில் நான் அடித்த குறிப்பு. அடித்ததை மீட்க விதியில் வழியில்லை. ஆனால் கோட்டுக்குக் கீழே இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது: அறை குளிர் அதிகம், விரல் வெள்ளை. அதன் பக்கத்தில் 'இது சரியான அளவீடு' என்று எழுதிக் கையெழுத்திடுவது.

7. ஞாயிற்றுக்கிழமை உத்தனப்பள்ளி பஸ். தூக்கையும் அந்த இரண்டு பக்கங்களின் நகலையும் பவித்ராவிடம் கொடுப்பது. அவள் கேட்ட கேள்விக்கு, போனில் சொல்லாமல், நேரில், அவள் அப்பாவும் கேட்கும்படி பதில் சொல்வது: இல்லை. உங்கம்மா சரியாகத்தான் அளந்தார்.